எச்.எல்.ஏ-ஈ: செல்லின் மேல் எவ்வளவு இருக்கிறது என்பதா, எதை ஏந்தியிருக்கிறது என்பதா?

தரமணி_செல்கூடம்

வணக்கம். கே562 என்ற ரத்தப்புற்று செல்லின் மேல் எச்.எல்.ஏ-ஈ என்ற புரதத்தைப் பெப்டைட் (சிறு புரதத் துண்டு) கொடுத்து நிலைநிறுத்தி, என்.கே செல்கள் (கோளாறான செல்களைக் கொல்லும் நோயெதிர்ப்பு செல்கள்) அதைப் பார்த்து அடங்குகின்றனவா என்று பார்க்கும் சோதனை ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். கைவசம் கே562, எச்.எல்.ஏ-ஈ-யைப் பிடிக்கும் 3டி12 ஆன்டிபாடி, எச்.எல்.ஏ-ஜி-யின் லீடர் பெப்டைட் (வி-எம்-ஏ-பி-ஆர்-டி-எல்-எஃப்-எல்), ஆரோக்கியமான கொடையாளர்களின் ரத்தம். கேள்விகள் மூன்று.

பெப்டைட் அளவும் வெப்பநிலையும்: பழைய கட்டுரைகளில் 26 டிகிரி, இரவு முழுக்க, 300 மைக்ரோமோலார் வரை என்று இருக்கிறது. இங்கே அதை எப்படிச் செய்வது?

3டி12 சிக்னல் ஏறினாலே சோதனை சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கடைசியாக, பாடப்புத்தகத்தில் இந்தப் புரதத்துக்கு "என்.கே செல்லைத் தடுக்கும்" என்று ஒரே வரிதான். சாதாரண மனித செல்லுக்குள் இதன் வேலைதான் என்ன?

---

கிண்டி_சைட்டோமீட்டர்

மூணாவதுல இருந்து ஆரம்பிக்கிறேன். அது தெளிவாயிட்டா ரெண்டாவதுக்குப் பதில் தானா வந்துடும்.

எச்.எல்.ஏ கிளாஸ் ஒன் புரதங்கள்ல ஏ, பி, சி மூணும் கிளாசிக்கல். ஆயிரக்கணக்குல அலீல் (ஒரே ஜீனோட வகைகள்), ஒவ்வொண்ணும் செல்லுக்குள்ள இருந்து விதவிதமான பெப்டைடை எடுத்து டி செல்லுக்குக் காட்டும். ஈ அப்படி இல்ல. உலகம் முழுக்க எடுத்தாலும் நடைமுறையில ரெண்டே ரெண்டு அலீல்தான் கணக்கு: 01:01, 01:03. வித்தியாசம் 107-வது இடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம், முன்னதுல ஆர்ஜினின், பின்னதுல கிளைசின். பெப்டைட் விஷயத்துலயும் ஈ ரொம்பக் கறார். ரெண்டாவது இடத்துல மெத்தியோனின், ஒன்பதாவதுல லியூசின் இருந்தா மனசு நிறைஞ்சு பிடிச்சுக்கும்.

அந்தப் பெப்டைட் எங்கிருந்து வருதுங்கறதுதான் இதுல அழகு. ஏ, பி, சி, ஜி தயாராகும்போது அதோட முன்பகுதியில ஒரு லீடர் இருக்கும். ஈஆருக்குள்ள (செல்லுக்குள்ள புரதம் தயாராகற அறை) நுழைஞ்சதும் சிக்னல் பெப்டிடேஸ் அதை வெட்டும். சவ்வுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கற மிச்சத்தை சிக்னல் பெப்டைட் பெப்டிடேஸ் இன்னொரு வெட்டு வெட்டும். துண்டு சைட்டோசோலுக்கு வெளிய வந்து, டாப் கடத்தி வழியா திரும்ப ஈஆருக்குள்ள போய், டாபாசின் உதவியோட ஈ-யோட பள்ளத்துல உட்காரும். பீட்டா-2 மைக்ரோகுளோபுலினும் சேர்ந்தப்புறம்தான் செல் மேற்பரப்புக்குப் பயணம். ஈ-யோட சொந்த லீடர்ல இந்த ஒன்பது எழுத்துத் துண்டு கிடையாது. அதனால அது தன்னைத்தானே நிரப்பிக்க முடியாது.

இது ஒரு வருகைப் பதிவேடு மாதிரி. மத்த கிளாஸ் ஒன் புரதங்கள் ஒழுங்கா தயாராகுதாங்கறது இதுல தெரியும். வைரஸ் வந்து கிளாஸ் ஒன் உற்பத்தியை நிறுத்தினாலோ டாப்-ஐ அடைச்சாலோ ஈ மேல வராது. என்.கே செல்லுல இருக்கற சிடி94/என்.கே.ஜி2ஏ ஏற்பிக்குப் பிடிக்க ஆள் இல்லாம பிரேக் விட்டுப்போகும். ஆள் இருந்தா, என்.கே.ஜி2ஏ-வோட வால்ல இருக்கற ரெண்டு ஐடிம் (தடுப்பு சிக்னல்) பகுதி ஷிப்-1 பாஸ்ஃபடேஸைக் கூட்டி வந்து செயல்பாட்டை அணைக்கும்.

இப்போ உங்க ரெண்டாவது கேள்வி. 3டி12 ஈ-யைப் பார்க்கும், உள்ள எந்தப் பெப்டைட் உட்கார்ந்திருக்குன்னு பார்க்காது. ஏற்பி அதைப் பார்க்கும். அதனால 3டி12 ஏறினது பாதி சாட்சிதான்.

---

ஓரமா_நிற்பவன்

ஒரு சின்னக் கேள்வி. அதே சிடி94-ஓட என்.கே.ஜி2சி-யும் சேரும்னு படிச்சேன். அது தூண்டும் ஏற்பியாச்சே. ஒரே லிகண்ட், ஒண்ணு பிரேக், ஒண்ணு ஆக்சிலரேட்டரா?

---

கிண்டி_சைட்டோமீட்டர்

ஆமாங்க. என்.கே.ஜி2சி-க்குச் சொந்தமா சிக்னல் பகுதி கிடையாது, டிஏபி12-ங்கற துணைப் புரதம் மூலமா தூண்டும் (மேல சொன்ன டாப் கடத்தி வேற). ஒரே ஈ-பெப்டைட் கூட்டைப் பிடிக்கறதுல என்.கே.ஜி2சி-யோட பிடிப்பு என்.கே.ஜி2ஏ-வைவிடப் பல மடங்கு தளர்வு. அதனால சாதாரணப் பெப்டைட் இருக்கும்போது பிரேக்தான் ஜெயிக்கும். ஆனா எச்.எல்.ஏ-ஜி லீடர் இருக்கே, நம்ம தரமணி வச்சிருக்கறது, அது ரெண்டு ஏற்பியையும் நல்லா பிடிக்கும். கொடையாளர்கிட்ட என்.கே.ஜி2சி உள்ள செல் நிறைய இருந்தா, தடுப்பு வரும்னு எதிர்பார்த்த இடத்துல தூண்டல் வரும். இதைப் பத்திக் கீழே விரிவா வருவோம்.

---

பெப்டைட்_பெருங்குடி

அளவு பற்றி மட்டும் நான்.

இந்தப் பெப்டைடின் மூலக்கூறு எடை சுமார் 1047. 1 மில்லிகிராமை 95 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார் ஸ்டாக். எல்லாரும் இதைத்தான் செய்வார்கள். இதிலிருந்து 300 மைக்ரோமோலார் எடுத்தால் மீடியத்தில் 3 சதவீத டிஎம்எஸ்ஓ ஆகிவிடும், இரவு முழுக்க அதில் கிடந்தால் கே562 தாங்காது. ஆகவே 1 மில்லிகிராமை 32 மைக்ரோலிட்டரில் கரைத்து 30 மில்லிமோலாராக வைத்துக்கொள்ளுங்கள். நூறில் ஒன்றாகக் கலந்தால் 300 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 1 சதவீதம். பெப்டைட் இல்லாத கட்டுப்பாட்டுக் குழியிலும் அதே 1 சதவீதம் போக வேண்டும்.

நேராக 300-க்குப் போகவும் வேண்டாம். 3, 10, 30, 100, 300 என்று ஐந்து அளவு வைத்து வளைவு எங்கே தட்டையாகிறது என்று பாருங்கள். அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். காசும் மிச்சம்.

எடை விஷயத்தில் இன்னொரு கண்ணி. குப்பியில் இருப்பது வெறும் பெப்டைட் அல்ல, தயாரிப்பில் சேரும் டிஎஃப்ஏ அமிலத்தின் உப்பு. இந்தத் தொடரில் ஆர்ஜினின் ஒன்று, அமினோ முனை ஒன்று, ஆக இரண்டு நேர்மின் இடம். இரண்டு டிஎஃப்ஏ ஒட்டினால் 228, மொத்த எடையில் 18 சதவீதம் போயிற்று. ஈரப்பதம் வேறு. சான்றிதழில் நிகரப் பெப்டைட் அளவு தனியாகக் கேட்டு வாங்குங்கள். தூய்மை 95 சதவீதம் என்று போட்டிருப்பது வேறு கணக்கு.

உண்மையில் சோதனையைக் கவிழ்ப்பது மெத்தியோனின். ரெண்டாவது இடத்து மெத்தியோனின்தான் ஈ-யின் பள்ளத்தில் 'பி பாக்கெட்' என்ற குழிவுக்குள் (எச்.எல்.ஏ-பி அல்ல) போய் உட்கார வேண்டும். ஆக்சிஜனேற்றம் ஆகி சல்ஃபாக்சைடாக மாறினால் நிறை 16 கூடும், பாக்கெட்டில் சரியாகப் பொருந்தாது. எச்.பி.எல்.சி-யில் முதன்மைச் சிகரத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிகரம் வந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டாக்கை ஒருதடவை உபயோகிக்கும் அளவில் பிரித்து, மேலே நைட்ரஜன் ஊதி, மைனஸ் 80-ல் வையுங்கள். உருக்கி உறையவைத்துத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம். நம்மூர் ஈரக்காற்றில் குளிர்ந்த குப்பியை நேராகத் திறந்தால் பொடி தண்ணீரை இழுத்துக்கொள்ளும். உலர்கலனில் வைத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்கவும்.

---

தரமணி_செல்கூடம்

நன்றி, பெருங்குடி. 26 டிகிரிக்குச் சாதாரண சிஓ2 இன்குபேட்டரையே குறைத்து வைத்தால் போதாதா?

---

கிண்டி_சைட்டோமீட்டர்

போதாது. சாதாரண சிஓ2 இன்குபேட்டர் சூடு மட்டும்தான் பண்ணும், குளிர்விக்காது. அறை வெப்பத்தைவிட 5 டிகிரியாவது மேல இருந்தாதான் நிலையா நிக்கும். ஏசி 24-ல ஓடினாக்கூட உங்களுக்குக் கிடைக்கறது 29. மே மாசம் ராத்திரி கரண்ட் போய் ஏசி நின்னா 32, 33. அந்த வெப்பத்துல காலியா வர்ற ஈ மூலக்கூறு மேற்பரப்புல நிக்காம கழண்டு உள்ள போயிடும். 26-க்குப் போறதே அதைக் கொஞ்ச நேரம் நிக்க வைக்கத்தான்.

கம்ப்ரசர் வச்ச பிஓடி இன்குபேட்டர் எல்லாக் கல்லூரி மைக்ரோபயாலஜி துறையிலயும் ஒண்ணு இருக்கும். அதுல 26 கச்சிதமா நிக்கும். சிஓ2 கிடையாதுங்கறதால மீடியத்துல 25 மில்லிமோலார் ஹெப்பெஸ் சேர்த்து, மூடி இறுக்கின டியூப்ல வைங்க. தட்டுல வச்சா ஓரக்குழி வத்திப்போகும். தட்டுதான் வேணும்னா பாராஃபிலிம் சுத்தி, கீழ் தட்டுல தண்ணி வைங்க. முன்னால இருக்கற டிஸ்ப்ளேவை நம்பாதீங்க, தண்ணி நிரப்பின பாட்டில்ல தெர்மாமீட்டர் போட்டு ரெண்டு அலமாரியிலயும் பாருங்க.

செல் அளவு மில்லிலிட்டருக்கு 10 லட்சம். சீரம் இல்லாத மீடியம். மாட்டு சீரத்துல பெப்டைடை வெட்டற என்சைம்கள் இருக்கு, போட்டதுல எவ்வளவு மிஞ்சுதுன்னே தெரியாமப் போகும். 15-லேருந்து 20 மணி நேரம். காலையில உயிரோட இருக்கற செல் 85 சதவீதத்துக்குக் கீழ போயிருந்தா அந்த பேட்சைத் தூக்கிப் போட்டுடுங்க, செத்த செல் எல்லா ஆன்டிபாடியையும் பிடிச்சுக்கும்.

சாயம் போடறது: எல்லாம் ஐஸ் மேல. கே562-ல சிடி32 (ஆன்டிபாடியோட வாலைப் பிடிக்கற எஃப்சி ஏற்பி) இருக்கு, அதனால முதல்ல மனித இம்யூனோகுளோபுலின் போட்டு எஃப்சி ஏற்பியை அடைச்சுட்டு அப்புறம் 3டி12. ஐசோடைப் சுண்டெலி ஐஜிஜி1. பெரிய தாவலை எதிர்பார்க்காதீங்க. ஈ எப்பவுமே கிளாசிக்கல் அளவுக்கு மேற்பரப்புல இருக்காது. சாதாரண செல்லுலயே மங்கல்தான். பக்கத்துல டபிள்யூ6/32-ம் (முழுசா கட்டின கிளாஸ் ஒன் எதையும் பிடிக்கற ஆன்டிபாடி) ஒரு குழி போடுங்க. கே562-ல ஏ, பி, சி மேற்பரப்புல இல்ல, அதனால பெப்டைட் போட்டப்புறம் டபிள்யூ6/32 நகர்ந்தா அது பீட்டா-2 மைக்ரோகுளோபுலினோட முழுசா கட்டின ஈ-தான்னு கையெழுத்து.

---

திசுத்துண்டு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஆன்டிபாடி பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஃபார்மலின் திசுவில் ஈ பார்க்க மெம்-ஈ/02 என்ற குளோனைத்தான் பெரும்பாலான பரிசோதனைகள் பயன்படுத்துகின்றன. அது உருக்குலைந்த புரதத்தைப் பிடிக்கும், அதனால்தான் திசுவில் வேலை செய்கிறது. சிக்கல் என்னவென்றால், உருக்குலைந்த மற்ற கிளாஸ் ஒன் கனச் சங்கிலிகள் சிலவற்றையும் பிடிக்கும். வாய்ப் புற்று, தலை-கழுத்துப் புற்று என்று நம்மூர் மருத்துவமனைகளில் குவியும் திசுக்களில் "ஈ மிக அதிகம்" என்று வரும் முடிவுகளை இதனால்தான் நான் பாதி விலைக்கே வாங்குவேன்.

செய்ய வேண்டியது: ஈ ஜீனை கிரிஸ்பரால் நீக்கிய, ஆனால் ஏ, பி, சி உள்ள செல்களை ஃபார்மலினில் பதப்படுத்திப் பாரஃபின் கட்டியாக்கி, ஒவ்வொரு ஸ்லைடு தொகுப்போடும் ஒரு துண்டு வைப்பது. அதில் பழுப்பு நிறம் வந்தால் அந்தச் செறிவு பயனற்றது. 721.221 செல்லை எதிர்மறைக் கட்டுப்பாடாக வைக்கும் வழக்கம் தவறு. அதில் ஏ, பி, சி இல்லையே தவிர ஈ ஜீன் இருக்கிறது. மேற்பரப்பில் இல்லாவிட்டாலும் செல்லுக்குள் புரதம் இருக்கும், திசுச் சாயம் உள்ளே இருப்பதையும் காட்டும்.

ஆர்.என்.ஏ அளவை வைத்து ஈ-யைப் பேசுவதும் இதே வகைதான். உட்கரு உள்ள பெரும்பாலான செல்களில் ஈ-யின் ஆர்.என்.ஏ இருக்கிறது. மேற்பரப்பை முடிவு செய்வது பெப்டைட் வரத்து.

---

ஓரமா_நிற்பவன்

அப்போ ஏ, பி, சி-யை இழந்த கட்டியில ஈ எப்படி நிக்குது? பெப்டைட் வராதே.

---

நகல்_ஜீன்

முழுசா இழக்கறது குறைவு. ஒரு ஹாப்ளோடைப் (ஒரு பெற்றோர்கிட்ட இருந்து வந்த ஜீன் தொகுதி) போனாலும், பாக்கி இருக்கற ஒரு ஏ அல்லது சி லீடர் கொடுத்தாலே ஈ-க்குப் போதுமான தீனி. பீட்டா-2 மைக்ரோகுளோபுலினோ டாப் கடத்தியோ போயிட்டா ஈ-யும் சேர்ந்து போகும். அதோட கட்டியைச் சுத்தி டி செல்கள் இன்டர்ஃபெரான்-காமா கக்கிக்கிட்டிருந்தா ஈ ஜீனே கூடுதலா ஓடும். கே562-ல இன்டர்ஃபெரான்-காமா போட்டா என்.கே செல்லுக்கு எதிர்ப்பு வர்றதும் இதே வகை. ஆகவே தரமணி, உங்க கே562 கல்ச்சர் பக்கத்துல இன்டர்ஃபெரான் சேர்த்த எதுவும் கலக்காம பார்த்துக்கங்க. மைக்கோபிளாஸ்மா சோதனையும் கட்டாயம்.

கொடையாளர் பக்கம் ஒரு விஷயம். ஏ-யும் சி-யும் லீடர்ல மைனஸ் 21-வது இடத்துல மெத்தியோனின் வச்சிருக்கும். பி-யில மட்டும் ரெண்டு வகை: மெத்தியோனின் அல்லது திரியோனின். பி*07, பி*08 மெத்தியோனின். பி*27, பி*57 திரியோனின். திரியோனின் வந்தா பெப்டைட் வி-டி-ஏ-பி-ஆர்-டி-வி-எல்-எல், ஈ-க்கு அது பிடிக்காது. இரண்டு பி-யும் திரியோனினா இருக்கறவங்ககிட்ட ஈ-க்கு வரத்து குறைவு. அவங்க என்.கே செல்களோட பயிற்சி என்.கே.ஜி2ஏ-வைவிட, கிளாஸ் ஒன்னை நேரா பார்க்கற கிர் ஏற்பிகள் பக்கம் சாயும். 2016-ல இந்தப் பிரிவினை விளக்கமா வந்துச்சு. 2018-ல எச்.ஐ.வி-யில, ஏ-யோட அளவு கூடினா ஈ வழியா என்.கே.ஜி2ஏ தடுப்பு கூடி வைரஸ் கட்டுப்பாடு குறையுதுன்னு காட்டினாங்க. அதுல மைனஸ் 21 மெத்தியோனின் உள்ளவங்ககிட்ட அந்த விளைவு இன்னும் பலம்.

நடைமுறை: பல டைப்பிங் கிட் எக்சான் 2, 3-தான் படிக்கும். லீடர் எக்சான் 1-ல இருக்கு. கவலை வேண்டாம், பி அலீல் தெரிஞ்சா மைனஸ் 21 என்னன்னு அலீல் தரவுத்தளத்துல பார்த்துடலாம். ஈ-யோட டைப் வழக்கமான எச்.எல்.ஏ ரிப்போர்ட்ல வராது. ஆர்எஸ்1264457 ஒரே ஒரு இடம், சாங்கர் சீக்வென்சிங் போதும். அங்க டிஎன்ஏ எழுத்து ஏ-யா இருந்தா 01:01, ஜி-யா இருந்தா 01:03. பின்னது மேற்பரப்புல கூடுதலா நிக்கும், வெப்பத்தையும் கூடுதலா தாங்கும்.

---

சேத்துப்பட்டு_பேசிலஸ்

இழை முழுக்க "பிரேக்", "பதிவேடு" என்றே போகிறது. மறுக்கவில்லை, ஆனால் பாதிதான். ஈ டி செல்லுக்கும் பெப்டைட் காட்டும். காசநோய்க் கிருமியிலிருந்து வரும் ஆன்டிஜெனை ஈ வழியாக சிடி8 டி செல்கள் அடையாளம் காண்பது 2002-லேயே வெளிவந்தது. மேக்ரோஃபேஜில் பேசிலஸ் குடியிருக்கும் ஃபேகோசோமிலும் ஈ காணப்பட்டிருக்கிறது. லீடர் பெப்டைட் போல மெத்தியோனின்-லியூசின் விதிக்குள் அடங்காத பல பெப்டைடுகளும் இதில் உண்டு.

தடுப்பூசிக்காரர்களுக்கு இது ஏன் இனிக்கிறது என்றால், கிளாசிக்கல் எச்.எல்.ஏ ஆளுக்கு ஆள் மாறும், ஒரு பெப்டைட் ஒரு கூட்டத்துக்கு மட்டும் பொருந்தும். ஈ-யில் இரண்டே அலீல். சென்னையில் ஒருவருக்கு வேலை செய்வது டர்பனிலும் செய்ய வாய்ப்பிருக்கிறது. கூடவே எச்.ஐ.வி-யின் நெஃப் புரதம் ஏ, பி-யை மேற்பரப்பிலிருந்து இறக்கும், ஈ-யை அப்படி இறக்காது. இரண்டு நோயும் சேர்ந்து வரும் நோயாளிக்கு இந்த வழி திறந்தே இருக்கும்.

ரீசஸ் குரங்கில் சைட்டோமெகாலோவைரஸை ஊர்தியாக்கிச் செய்த எஸ்.ஐ.வி தடுப்பூசியில் ஏறக்குறைய பாதிக் குரங்குகள் தொற்றை அடக்கி ஒழித்தன. அந்தச் சிடி8 செல்களில் ஒரு பகுதி எம்.எச்.சி-ஈ வழியாக இலக்கைப் பார்த்தன என்று 2016-ல் தெரிந்தது. தடை மட்டுமே வேலை என்றால் இது எப்படி நடக்கும்?

---

கிண்டி_சைட்டோமீட்டர்

ஒத்துக்கிறேன், சேத்துப்பட்டு சார். ஆனா அளவு விகிதத்தை விட்டுடக்கூடாது. தொற்று இல்லாத செல்லுல ஈ-யோட பள்ளத்துல பெரும்பாலும் உட்கார்ந்திருக்கறது லீடர் துண்டுதான். குரங்குல கண்ட அந்த டி செல் பதில் ஒரு குறிப்பிட்ட வைரஸ் ஊர்தியோட, சில ஜீன்கள் நீங்கின 68-1 வகையோட கட்டிப்போட்டது. வேற ஊர்தியில அதே பதில் தானா வரல. நாம பேசற சோதனைக்கு டி செல்லை முதல்லயே நீக்கிடறதால தரமணிக்கு இது தொந்தரவு பண்ணாது.

---

சேத்துப்பட்டு_பேசிலஸ்

நீக்கினால் சரி. பலர் பிபிஎம்சி-யையே (ரத்தத்தின் கலப்பு வெள்ளணுக்கள்) நேராகப் போட்டுவிட்டு, டி செல்லின் அடையாளமான சிடி3-ஐ கேட்டில் (சைட்டோமீட்டர் தரவில் கூட்டம் பிரிக்கும்போது) மட்டும் கழிக்கிறார்கள். அதில் டி செல் கக்கும் இன்டர்ஃபெரான் இலக்குச் செல்லின் ஈ-யையே மாற்றிவிடும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

---

தரமணி_செல்கூடம்

நெகட்டிவ் செலக்‌ஷன் கிட்டில் என்.கே செல்களைத் தனியாகப் பிரித்துவிடுகிறேன். வைரஸ் பற்றிப் பேசியதால் கேட்கிறேன்: சைட்டோமெகாலோவைரஸ் இருக்கும் கொடையாளரை ஒதுக்க வேண்டுமா?

---

கிண்டி_சைட்டோமீட்டர்

ஒதுக்கினா இந்த ஊர்ல யாரும் மிஞ்ச மாட்டாங்க. பெரியவங்கள்ல பெரும்பான்மை பேருக்குச் சின்ன வயசுலயே வந்து போயிருக்கும். ஒதுக்காம பிரிச்சுப் பார்க்கணும்.

அந்த வைரஸ் செய்யற தந்திரம் கேட்டாலே மரியாதை வரும். யுஎஸ்2, யுஎஸ்11 கிளாஸ் ஒன்னை உடைக்கும், யுஎஸ்6 டாப்-ஐ அடைக்கும். அப்போ ஈ-யும் காலியாகி என்.கே செல்லு அடிக்க வரணும். வரக்கூடாதுன்னு வைரஸே யுஎல்40-ங்கற புரதத்துக்குள்ள வி-எம்-ஏ-பி-ஆர்-டி-எல்-ஐ-எல் துண்டை வச்சிருக்கு. மனிதனோட எச்.எல்.ஏ-சி லீடர்கள் சிலதோட அட்சரம் பிசகாத நகல். அதுக்கு டாப் தேவையில்ல. அடைச்ச கதவுக்குப் பக்கத்துலயே தனக்கு மட்டும் ஒரு திட்டிவாசல். 2000-ல இது வெளிவந்துச்சு.

பதிலுக்கு மனித உடம்பு வளர்த்துவிட்டதுதான் என்.கே.ஜி2சி உள்ள, சிடி57-ம் உள்ள என்.கே செல் கூட்டம். சிலருக்கு ரத்தத்துல பாதி என்.கே செல் அதுவாவே இருக்கும். யுஎல்40-ல எழுத்து ஒண்ணு மாறினா அந்தக் கூட்டத்தோட தூண்டலும் மாறும். ஜி லீடர் மாதிரியான எஃப்-எல் முடிவு வந்தா ரொம்பப் பலமா தூண்டும். உங்க பெப்டைட் அதேதான், ஞாபகம் வைங்க.

அதனால மொத்த என்.கே செல்லோட சிடி107ஏ (செல் தாக்கினதுக்கான அடையாளம்) சராசரியை எடுத்தா, ஒரு பக்கம் அடங்கினதும் இன்னொரு பக்கம் எழுந்ததும் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கிட்டு "விளைவு இல்லை"ன்னு வரும். இந்தச் சோதனையில எதிர்மறை முடிவுகள் நிறைய இங்கதான் பிறக்குது. நாலு கேட் போடுங்க: 2ஏ மட்டும், 2சி மட்டும், ரெண்டும், எதுவும் இல்லாதது. எதுவும் இல்லாத கூட்டம் பெப்டைட் போட்டாலும் போடாட்டியும் அசையக்கூடாது. அது அசைஞ்சா கோளாறு பெப்டைட்ல அல்லது டிஎம்எஸ்ஓ-ல, ஈ-யில இல்ல. சிலருக்கு என்.கே.ஜி2சி ஜீனே ரெண்டு பக்கமும் கிடையாது. அந்த மாதிரி ஒரு கொடையாளர் கிடைச்சா விடாதீங்க, சுத்தமான 2ஏ பதிலைத் தனியா பார்க்கலாம்.

---

நகல்_ஜீன்

கட்டுப்பாட்டுப் பெப்டைட் பற்றி யாரும் சொல்லலயே. டிஎம்எஸ்ஓ மட்டும் பத்தாது. எச்.எஸ்.பி60-யோட லீடர்ல இருந்து வர்ற க்யூ-எம்-ஆர்-பி-வி-எஸ்-ஆர்-வி-எல் இருக்கு. அது ஈ-யில உட்காரும், ஆனா சிடி94/என்.கே.ஜி2ஏ அதை மதிக்காது. 2002-ல வந்த வேலை. செல்லு நெருக்கடியில இருக்கும்போது ஈ எண்ணிக்கை அப்படியே இருந்தும் பிரேக் விலகறதுக்கு இது ஒரு வழி. சார்ஸ்-கோவ்-2-வோட என்.எஸ்.பி13 பெப்டைட் வி-எம்-பி-எல்-எஸ்-ஏ-பி-டி-எல்-லும் இதே குணம், 2022.

இதை வச்சா உங்க ரெண்டாவது கேள்விக்குச் சோதனைக்குள்ளயே பதில் இருக்கும். 3டி12 ரெண்டு குழியிலயும் ஏறும், தடுப்பு ஜி லீடர் குழியில மட்டும் வரும். வி-டி-ஏ-பி-ஆர்-டி-வி-எல்-எல் குழியில 3டி12-வே கொஞ்சம்தான் நகரும். இந்த மூணும் இந்த மாதிரி வரலைன்னா மேற்கொண்டு போகாதீங்க.

---

கிண்டி_சைட்டோமீட்டர்

சரியான இடத்துல சொன்னீங்க. இனி தட்டு.

20 மில்லிலிட்டர் ரத்தத்துல 2 முதல் 4 கோடி பிபிஎம்சி, அதுல 5 முதல் 15 சதவீதம் என்.கே. பிரிக்கும்போது இழப்பு போக 10 லட்சம் கிடைச்சாலே நிம்மதி. ராத்திரி ஐஎல்-15 (என்.கே செல்லை உசுப்பற சைட்டோகைன்) மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம். ஆசைப்பட்டு 50 போட்டா செல்லு அவ்வளவு சூடாயிடும், 2ஏ பிரேக் போட்டாலும் நிக்காது.

யூ-அடிக்குழி 96 தட்டு, குழிக்கு 1 லட்சம் என்.கே, 1 லட்சம் கே562. ஆரம்பத்துலயே சிடி107ஏ ஆன்டிபாடி உள்ள போயிடணும். ஒரு மணி நேரம் கழிச்சு மோனென்சின். 100 ஜி-யில ஒரு நிமிஷம் சுத்தி அடியில உட்கார வச்சுட்டு 37-ல மொத்தம் 4 மணி நேரம்.

இங்கதான் பெரிய ஓட்டை. 37-க்கு வந்ததும் ஈ-பெப்டைட் கூடு கழண்டுக்கிட்டே இருக்கும். ராத்திரி போட்ட பெப்டைடைக் கழுவிட்டுச் சோதனை வச்சா, கடைசி ரெண்டு மணி நேரம் என்.கே செல் பார்க்கறது காலி கே562-தான். கழுவாதீங்க. கழுவினாலும் அதே செறிவுல திரும்பப் போடுங்க. என்.கே இல்லாத நாலு குழி தனியா வச்சு 0 மணியிலயும் 4 மணியிலயும் 3டி12 பாருங்க. பாதிக்கும் கீழ விழுந்திருந்தா பெப்டைட் ஏத்தற முறையையே விட்டுட்டு, ஒற்றைச் சங்கிலிக் கட்டுமானத்துக்குப் போயிடலாம்: பெப்டைட், நெகிழ் இணைப்பு, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், இணைப்பு, ஈ கனச் சங்கிலி, எல்லாம் ஒரே புரதமா கே562-ல நிலையா போட்டது. எல்லாருக்கும் பொருந்தற ஸ்டெம் செல் செய்யறவங்க 2017-ல பீட்டா-2 ஜீனை நீக்கிட்டு இந்த மாதிரிக் கட்டுமானத்தைத்தான் செருகினாங்க, என்.கே செல் தின்னாம இருக்க. அதுல பெப்டைட் மாறாது, 37-லயும் நிக்கும்.

ஏற்பியைத் தடுத்துக் காட்டணும்னா என்.கே.ஜி2ஏ-வைப் பிடிக்கற இசட்199 ஆன்டிபாடி. முழு ஆன்டிபாடி போட்டா கே562-வோட சிடி32 அதோட வாலைப் பிடிச்சு என்.கே.ஜி2ஏ-வை ஒண்ணா இழுத்துக் கட்டிடும். தடுக்கறதுக்குப் பதிலா பிரேக்கையே அமுக்கினதாகும். எஃப்(ஏபி)2 துண்டு வாங்குங்க, இல்லைன்னா எஃப்சி அடைப்பு கட்டாயம்.

---

திசுத்துண்டு

என்.கே.ஜி2ஏ-வைத் தடுக்கும் மருந்தாக வந்த மோனலிசுமாப் தலை-கழுத்துப் புற்றில் செடக்சிமாப் என்ற புற்று மருந்தோடு சேர்த்துச் செய்த மூன்றாம் கட்ட ஆய்வு 2022-ல் பலனில்லை என்று நிறுத்தப்பட்டது. ஈ-யை மெம்-ஈ/02 சாயத்தால் மட்டும் எடைபோட்டு நோயாளிகளைப் பார்க்கும் பழக்கம் இனியாவது மாற வேண்டும். கட்டியில் ஈ என்ன ஏந்தியிருக்கிறது என்பதைத் திசுவில் காண நிறைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) வேண்டும், அதற்குத் தேவைப்படும் திசு அளவு பயாப்சி ஊசியில் வராது. அறுவை சிகிச்சைத் திசுவை உடனே உறையவைத்தால்தான் உண்டு.

---

தரமணி_செல்கூடம்

எல்லோருக்கும் நன்றி. குழிகள்: ஜி லீடர், எச்.எஸ்.பி60, பி திரியோனின், டிஎம்எஸ்ஓ, ஒவ்வொன்றும் மூன்று குழி, இசட்199 தடுப்புடனும் இல்லாமலும். ஒரு கடைசிச் சந்தேகம். என்.கே செல்லை முதலிலேயே நிறமேற்றிய இசட்199-ஆல் சாயமேற்றிவிட்டு தட்டில் போட்டால் கேட் போட வசதி. செய்யலாமா?

---

கிண்டி_சைட்டோமீட்டர்

கூடாதுங்க. நிறமேற்றினாலும் அது அதே இசட்199-தான், ஏற்பியை அடைச்சுடும். தடுப்பே இல்லாத குழியிலும் தடுத்த மாதிரி ஆயிடும். 4 மணி நேரம் முடிஞ்சு, ஐஸ்ல வச்சப்புறம் சாயம். தடுப்பு ஆன்டிபாடி போட்ட குழிகள்ல இசட்199 ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும், நிறமேற்றினது ஒட்ட இடம் இருக்காது. அந்தக் குழிகளுக்குச் சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிக்கற நிறமேற்றிய இரண்டாம் ஆன்டிபாடியை மட்டும் முதல்ல போட்டு, கழுவி, சாதாரணச் சுண்டெலி சீரத்தால மிச்ச இடத்தை அடைச்சு, அப்புறம் சிடி56, 2சி, சிடி57. ஒரே ஒரு இடைஞ்சல்: தொடக்கத்துலயே போட்ட சிடி107ஏ-வும் சுண்டெலிதான், இரண்டாம் ஆன்டிபாடி அதையும் பிடிக்கும். அதனால தடுப்புக் குழிகளுக்குன்னு ரீகாம்பினன்ட் மனித ஐஜிஜி வால் வச்ச சிடி107ஏ வாங்குங்க. இல்லையா, ஐஎல்-15 ராத்திரிக்கு முன்னாடியே சார்ட்டர்ல (செல் பிரிக்கற கருவி) 2சி உள்ளதையும் இல்லாததையும் மட்டும் பிரிச்சு வச்சுக்கிட்டு, தடுப்புக் குழியில 2சி இல்லாததை மட்டும் போடுங்க. சார்ட்டர் நேரம் கிடைச்சா நான் ரெண்டாவதைத்தான் செய்வேன்.